ஊதிக் காட்டினால்தான் சாவி

போன கிறிஸ்துமஸ் முடிந்த இரண்டாம் நாள், இரண்டு இளவட்டங்கள் என்னைத் தேடி வந்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் நான் வேலை பார்த்த பஸ் கம்பெனி இப்போது கைமாறிவிட்டது. இவர்கள் புது முதலாளியிடம் செக்கிங் வேலை பார்க்கிறவர்கள். கையில் ஒரு சின்ன மிஷின் வைத்திருந்தார்கள். டிரைவர் அதன் குழாயில் ஊதினால் நம்பர் வருமாம். முந்தின நாள் ஒரு டிரைவர் ஊதியிருக்கிறான், நம்பர் வந்துவிட்டது. "கேக்குதான் தின்னேன், வேற ஒண்ணும் தொடல" என்று ஒரே சாதிப்பாம். கேக் தின்றால் நம்பர் வருமா, கேக் தின்றவனிடம் வண்டியைக் கொடுக்கலாமா என்பது அவர்கள் கேள்வி.

"அந்தக் காலத்துல நீங்கதான தாத்தா மிஷினு?" என்றான் ஒருத்தன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

கிண்டல்தான். ஆனால் பொய்யில்லை. தென்காசி பஸ் செட்டில் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் டிரைவர்களின் வாயை மோந்து பார்த்துச் சாவி கொடுத்தவன் நான். உத்தியோகப் பெயர் டைம் கீப்பர். முதுகுக்குப் பின்னால் பெயர் மூக்கு அண்ணாச்சி. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் மனைவி, "மொதல்ல மூக்கக் கழுவிட்டு வாங்க" என்பாள். காலைக் கழுவச் சொல்கிற வீடுகள் உண்டு. மூக்கைக் கழுவச் சொன்னது எங்கள் வீடு ஒன்றுதான்.

இந்த மூக்கு எனக்கு எப்படி வாய்த்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவுக்குப் பெருங்காயக் கடை. நல்ல பெருங்காயத்தையும் கோந்து கலந்ததையும் மோந்து பிரித்துப் பிரித்துப் பழகியவன் நான். பஸ் கம்பெனியில் வேலை கேட்டுப் போனபோது மேனேஜர் இரண்டு கிண்ணத்தில் பெட்ரோலை ஊற்றி முன்னால் வைத்தார். "இதுல எதுல மண்ணெண்ணெ கலந்திருக்கு?" என்றார். இரண்டிலும் கலந்திருக்கிறது என்றேன். அவர் ஒன்றில்தான் கலந்திருந்தார். இன்னொன்றில் பெட்ரோல் விற்றவன் கலந்திருக்கிறான் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. மறுநாள் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

அந்த மேனேஜர் பெயர் சங்கரலிங்கம். கடையத்துக்காரர். பட்டாளத்தில் லாரிப் படையில் இருந்து வந்தவர். எந்தக் கோடையிலும் அந்தப் பழைய பட்டாளத்துக் கோட்டைக் கழற்ற மாட்டார். சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததே கிடையாது. ஒரு தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். அவர் மெதுவாகத் திருகி முடிக்கிற வரைக்கும் எதிரே நிற்கிறவன் காத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

எங்கள் செட்டின் முறை இதுதான். காலை ஐந்தே முக்காலுக்கு டிரைவர்கள் மேஜைக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். எனக்குப் பின்னால் சுவரில் சாவிகள் தொங்கும். வெற்றிலை, பீடி, கிராம்பு, ஏலக்காய் எதுவும் வாயில் இருக்கக் கூடாது. ஒரு சாண் தள்ளி நின்று, தொண்டையிலிருந்து 'ஹா' என்று ஊத வேண்டும். ஒரு ஊது, ஒரு சாவி. சந்தேகம் வந்தால் மேனேஜரைக் கூப்பிட வேண்டும். அவர் ஒரு தகரத் தட்டைக் கொண்டுவருவார். அதில் பத்து நட்டும் பத்து போல்ட்டும் ஒன்றுக்கொன்று அளவு மாறிக் கலந்து கிடக்கும். சரியானதைச் சரியானதில் பூட்ட வேண்டும். அப்புறம் தரையில் போட்டிருக்கிற சாக்பீஸ் கோட்டில் போய்த் திரும்பி வர வேண்டும்.

"மூக்கு ஒரு சாட்சி. கையும் காலும் ரெண்டாவது சாட்சி. ரெண்டும் ஒண்ணச் சொன்னாத்தான்வே தீர்ப்பு" என்பார்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தோன்றும். அப்போது மதராஸ் ராஜ்யம் பூராவும் மதுவிலக்கு. குடித்துவிட்டு வண்டி எடுத்தவனுக்கு வேலை மட்டுமல்ல, லைசென்ஸும் போகும், போலீஸ் கேஸும் வரும். ஆனால் செங்கோட்டையைத் தாண்டி மலையேறி இறங்கினால் அந்தப் பக்கம் கேரளம், அங்கே கள்ளுக்கடை. எங்கள் வண்டிகளோ அந்த எல்லை வரைக்கும் போய்வருகிற வண்டிகள். அதனால்தான் என் மூக்குக்கு அவ்வளவு மரியாதை.

பண்பொழிக்காரர் ஒரு டிரைவர் இருந்தார். வாயுத் தொந்தரவு என்று தினமும் தசமூலாரிஷ்டம் குடிப்பார். ஊறிப் புளித்த ஆயுர்வேத மருந்துதான், தப்பில்லை. ஆனால் கரண்டியை விட்டுவிட்டுக் கிளாசில் ஊற்றிக் குடிக்க ஆரம்பித்துவிட்டார். மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, "வைத்தியர் ஒரு கரண்டின்னு சொன்னது வாயுவுக்கு. நீரு குடிக்கதப் பாத்தா உமக்குப் புயலு வந்திருக்குவே" என்று சொல்லி, பாட்டில் காலியாகிற வரைக்கும் ஒர்க் ஷாப்பில் டயருக்குக் காற்றடிக்கப் போட்டார். அப்புறம் அந்த வாயு திரும்பி வரவே இல்லை.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியவை. ஆசீர்வாதத்தின் விஷயம் அப்படியல்ல. அதிலும் சிரிப்பு உண்டு, ஆனால் முழுக்கச் சிரிக்க முடியாது.

ஆசீர்வாதம் எங்கள் முதல் பஸ்ஸின் டிரைவர். தென்காசி, குற்றாலம், செங்கோட்டை என்று ஆறு மணிக்குக் கிளம்புகிற வண்டி. சாரல் நாளில் குற்றாலம் ரோட்டில் அருவிக்குக் குளிக்கப் போகிறவர்கள் எண்ணெய் தேய்த்த உடம்போடு கூட்டம் கூட்டமாகக் குறுக்கே வருவார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு ஹாரன் கூட அடிக்காமல் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவான். அப்படிப்பட்ட கை. ஆனால் ஒரு காலத்தில் அவனுக்குக் கள் பழக்கம் இருந்தது. ஒரு நாள் காலையில் ஊதும்போது நான்தான் பிடித்தேன். மேனேஜர் போலீசுக்குச் சொல்லாமல் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்: இன்னொரு தடவை வாடை வந்தால் வேலையும் கிடையாது, மறைப்பும் கிடையாது. ஆசீர்வாதம் அன்றைக்கே கோயிலுக்குப் போய், மனைவி அன்னம்மாள் பக்கத்தில் நிற்க, வேதபுத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் பண்ணினான். அதற்கப்புறம் மூன்று வருஷமாக ஒரு சொட்டுத் தொடவில்லை.

நான் சொல்வது அந்த மூன்று வருஷம் முடிந்து வந்த கிறிஸ்துமஸின் மறுநாள். நல்ல மார்கழிக் குளிர். ஆசீர்வாதம் வந்து நின்றான். இரண்டு நாளாகப் பாட்டுக்கோஷ்டியோடு வீடு வீடாகப் போய்ப் பாடியதில் ஜலதோஷம் பிடித்துக் குரல் கம்மிப் போயிருந்தது. சிரித்த முகமாக ஊதினான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கள். சந்தேகமே இல்லை. நன்றாகப் புளித்துப் பொங்கின கள்.

"என்னலே இது?"

"என்ன அண்ணாச்சி?"

"வாடை அடிக்குலே."

"என்ன வாடை? இன்னும் காப்பி கூடக் குடிக்கல. வீட்டுல அப்பம் தின்னுட்டு நேரா வாரேன்."

"அப்பத்துல கள்ளு வாடை அடிக்குமாலே? யார்ட்ட கத விடுத?"

அவன் முகம் அப்படியே செத்துப்போயிற்று. நான் மேனேஜரைக் கூப்பிட்டேன்.

அவர் தட்டோடு வந்தார். ஆசீர்வாதம் பத்து நட்டையும் பூட்டிவிட்டு, பதினொன்றாவது எங்கே என்று கேட்கிறவன்போல நிமிர்ந்தான். அந்தச் செட்டில் அவ்வளவு சீக்கிரம் யாரும் முடித்ததில்லை. கோட்டில் போனான், திரும்பினான், வந்தான். கால் இம்மி பிசகவில்லை.

"முத்தையா, இப்பப் பாரும்" என்றார் மேனேஜர் என்னிடம்.

மறுபடி மோந்தேன். "அடிக்குது அய்யா."

"எம்புட்டு?"

"கடை வாசல்ல நிக்க மாதிரி."

கை, கால் ஒரு சாட்சி சொல்கிறது. மூக்கு வேறு சாட்சி சொல்கிறது. மேனேஜர் மேஜை டிராயரைத் திறந்து அந்த மூன்று வருஷத்துத் தாளை எடுத்து மேலே வைத்தார். வெளியே பஸ்ஸில் ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். மாற்று டிரைவரும் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தார். "என்னவே, டிரைவருக்குப் பொண்ணு பாக்கப் போயிருக்கியளா?" என்று ஒருத்தர் ஜன்னலிலிருந்து சத்தம் போட்டார். ஆசீர்வாதம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் அன்னம்மாள் உள்ளே வந்தாள்.

எங்கள் செட்டில் ஒரு வழக்கம். தீபாவளிக்கு எங்கள் வீடுகளிலிருந்து பலகாரம் வரும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கிறிஸ்தவ டிரைவர்கள் வீடுகளிலிருந்து வரும். அவளும் வெள்ளைச் சேலையில், ஒரு பித்தளைத் தூக்குவாளியோடு, சிரித்துக்கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். அவளுக்குப் பிறந்த ஊர் புனலூர். பேச்சில் மலையாளம் எட்டிப் பார்க்கும்.

"சாறே, பலகாரம். சூடு போகுததுக்கு முந்தித் தின்னணும்" என்று மூடியைத் திறந்தாள். உள்ளே வட்டயப்பம். பச்சரிசி மாவையும் தேங்காயையும் சீனியையும் பொங்க வைத்து ஆவியில் வேகவைக்கிற இனிப்பு. வெள்ளை வெளேரென்று, பஞ்சாக இருந்தது. ஆவியோடு சேர்ந்து ஏலக்காய் மணம் வந்தது. ஏலக்காய்க்குப் பின்னால் அதே வாடையும் லேசாக வந்தது. நான் மேனேஜரைப் பார்த்தேன்.

"இதுல என்னம்மா சேத்திருக்கு?" என்றார் அவர்.

"அரிசி, தேங்காய், சீனி, ஏலக்காய்."

"பொங்குததுக்கு?"

அவள் ஒரு கணம் தயங்கினாள். "சோடா உப்பு."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சோடா உப்புக்கு இந்த வாடை வராதும்மா" என்றேன்.

"எதுக்கு இதெல்லாம் கேக்கிய?" என்றாள். மேனேஜர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "ஒம் வீட்டுக்காரரு வாயில கள்ளு வாடை அடிக்குன்னு முத்தையா சொல்லுதாரு. இது அந்தத் தாளு. இப்ப வேலைய விட்டு அனுப்பணும், போலீசுக்கும் சொல்லணும்."

அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். பதில் சொல்ல ஏன் அவ்வளவு நேரம் எடுத்தாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அப்பத்தில் கள் உண்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் புருஷன் பிழைத்துக்கொள்வான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

"கள்ளுதான் சாறே" என்றாள் கடைசியில். சொன்னது மேனேஜரிடம், திரும்பியது ஆசீர்வாதத்தின் பக்கம். "எங்க அம்மச்சி புனலூர்ல வச்சே மாவுல ஊத்திக் கொண்டுவந்தா. ஒங்களுக்குத் தெரியாது. சொன்னாத் தொட மாட்டிய. மூணு வருஷமா சோடா உப்பு போட்டுச் செஞ்சேன், செங்கல்லு மாதிரி வந்துச்சி. நீங்களும் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லியே தின்னிய. இந்த வருஷமாவது நல்ல அப்பம் தின்னட்டும்னுதான்... வேகும்போது கள்ளு போயிரும்னு அம்மச்சி சொன்னா."

அந்த மாவு வந்த கதையைப் பிற்பாடு கேட்டேன். அம்மச்சி என்றால் அவளுடைய பாட்டி. கிழவி தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்திருக்கிறாள். மலைக் குகைக்குள் ரயில் நுழைந்த இருட்டில் மாவு பொங்கி மூடி 'டப்' என்று பறந்திருக்கிறது. பக்கத்தில் இருந்தவர் பயந்து பெஞ்சுமேல் ஏறிவிட்டாராம். மாவுக்குள் இருக்கிற கள், கள்ளா மாவா என்று மதுவிலக்குக்காரர்களும் யோசித்திருக்க மாட்டார்கள்.

ஆசீர்வாதம் கத்துவான் என்று நினைத்தேன். அவன் பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டான். "எத்தன தின்னேன்?" என்று மட்டும் கேட்டான்.

"ஆறு" என்றாள் அவள்.

மேனேஜர், "இது சாட்சியா சாக்கான்னு பாத்துரணும்" என்றார். "முத்தையா, தின்னும்வே."

கடமை என்று ஒன்று இருக்கிறதே. இரண்டு அப்பம் தின்றேன். ருசியைப் பற்றி இந்தக் கட்டுரையில் எழுதுவது முறையல்ல. மூன்றாவதுக்குக் கை நீண்டபோது மேனேஜர் வாளியை மூடிவிட்டார் என்பதை மட்டும் சொல்கிறேன். என்னை ஊதச் சொன்னார். "அடிக்குது" என்றார். வாழ்க்கையில் ஒரு சொட்டுக் கள் தொடாத என் வாயில் கள் வாடை! வரிசையில் நின்ற டிரைவர்கள் முகத்தில் என்ன ஆனந்தம் என்கிறீர்கள்! "மூக்கு அண்ணாச்சிக்கு நட்டு போல்ட்டக் குடுங்கய்யா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கொடுத்தும் விட்டார். எட்டுத்தான் சரியாகப் பூட்டினேன். அது அப்பத்தின் குற்றமல்ல, எனக்கு எப்போதுமே எட்டுத்தான்.

"ரெண்டு பேரும் தண்ணிய விட்டு நல்லாக் கொப்பளிங்க" என்றார் மேனேஜர். "கால் மணி நேரம் ஒக்காருங்க. வாயில ஒட்டியிருக்கது கழுவினாப் போயிரும். உள்ள எறங்கி ரத்தத்துல கலந்து மூச்சோட வாரது ஆத்துத் தண்ணிய ஊத்திக் கழுவினாலும் போகாது."

இதைத்தான் அந்த இரண்டு பையன்களுக்கும் சொன்னேன். தின்ற உடனே ஊதச் சொன்னால் உங்கள் மிஷினும் என் மூக்கைப் போல ஏமாறும். கொப்பளிக்கச் சொல்லுங்கள், கால் மணி நேரம் உட்கார வையுங்கள், மறுபடி ஊதச் சொல்லுங்கள். அப்புறமும் நம்பர் வந்தால் அது அவன் வாயில் இல்லை, அவனுக்குள் இருக்கிறது. கேக்கா கிளாசா என்று விசாரித்துக்கொண்டிருக்க வேண்டாம். இதற்கு ஒரு கதையும் உண்டு. சில வருஷம் கழித்துக் குற்றாலம் சீசனில், ஒரு பங்களாவுக்கு வாடகை வேன் ஓட்டப் போன எங்கள் டிரைவருக்கு அங்கே விருந்து. வீட்டுக்காரர் பட்டாளத்து ஆபீசர். கேக்கை வேகவைத்து எடுத்த பிறகு அதன்மேல் தினம் தினம் ரம் ஊற்றி ஊற வைத்திருக்கிறார்கள். வெந்த பிறகு ஊற்றினது எங்கே போகும்? நம்ம ஆள் பாதிக் கேக்கை முடித்துவிட்டான். கொப்பளித்தும் வாடை போகவில்லை. பெரிய நட்டை எடுத்துச் சின்ன போல்ட்டில் மாட்டிவிட்டு, "கொஞ்சம் லூசா இருக்குய்யா" என்றான். "கடிச்சுத் தின்னாலும் அண்ணாந்து குடிச்சாலும் எனக்கு ஒண்ணுதான்வே" என்று மேனேஜர் அவனை வீட்டுக்கு அனுப்பினார். திங்கிற பண்டமாயிற்றே என்று சலுகை காட்டவில்லை.

ஆசீர்வாதத்துக்கு வருகிறேன். கால் மணி நேரம் ஆயிற்று. மேனேஜர் முதலில் என்னை மோந்தார், ஒன்றும் இல்லை. நான் ஆசீர்வாதத்தை மோந்தேன். அடித்தது. முன்பைப் போலவே அடித்தது.

அன்னம்மாள் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன்: அந்த நிமிஷம் எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. என் மூக்கு தோற்கவில்லை என்ற சந்தோஷம்.

மேனேஜர் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். பாதியில் நிறுத்தினார்.

"முத்தையா, நீரு மோந்து பாக்கும்போது ஒம்ம மூக்குக்கும் அவன் வாய்க்கும் நடுவுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லய்யா. காத்துதான்."

"கீழ?"

கீழே பார்த்தேன். ஆசீர்வாதத்தின் காக்கிக் கோட்டின் காலர்.

"கோட்டக் கழத்தும்வே ஆசீர்வாதம். கழத்தி வெளிய வச்சிட்டு வந்து ஊதும்."

ஊதினான். ஒன்றுமே இல்லை. குளிர்ந்த தண்ணீர் வாசம் மட்டும். நான் வெளியே போய் அந்தக் கோட்டை எடுத்து மூக்கில் வைத்தேன். சாட்சாத் கள்ளுக்கடை!

"எண்டெ கர்த்தாவே!" என்று அன்னம்மாள் தலையில் கை வைத்தாள். அழுகையும் சிரிப்புமாக விஷயம் வந்தது. மார்கழிக் குளிரில் மாவு பொங்காது. பாத்திரத்தைக் கனமான துணியால் சுற்றி வைக்க வேண்டும். அந்த வீட்டில் இருக்கிற கனமான துணி புருஷனுடைய டியூட்டிக் கோட்டு ஒன்றுதான். சுற்றி வைத்துவிட்டாள். மாவு அளவுக்கு மேல் பொங்கிக் காலரில் வழிந்துவிட்டது. துடைத்துத் தணலில் காட்டி ஆணியில் மாட்டியிருக்கிறாள்.

"ஈரமா இருக்கேன்னு கேட்டேன். பனின்னு சொன்னா" என்றான் ஆசீர்வாதம். ஜலதோஷம் பிடித்த மூக்குக்கு வேறென்ன தெரியும்?

செட்டே சிரித்தது. மேனேஜர் மட்டும் சிரிக்காமல் நோட்டை எடுத்து எழுதினார். பிற்பாடு எட்டிப் பார்த்தேன்: "டிரைவர் வண்டி எடுக்கலாம். கோட்டு வண்டி எடுக்கக் கூடாது." டியூட்டியில் கோட்டு இல்லாமல் போகக் கூடாது என்பது விதி. அதனால் அந்தப் பட்டாளத்துக் கோட்டைக் கழற்றி ஆசீர்வாதத்திடம் கொடுத்தார். கோட்டில்லாத மேனேஜரை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தோம். ஆள் இத்தனை ஒல்லி என்று யாருக்கும் தெரியாது.

நான் சாவியை நீட்டினேன். ஆசீர்வாதம் வாங்கவில்லை.

"நான் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணினவன்ய்யா" என்றான் மேனேஜரிடம். "ஆறு அப்பம் தின்னிருக்கேன்."

அன்னம்மாள் அத்தனை நேரம் தயங்கியது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. வேலையைக் காப்பாற்ற அவள் சொன்ன ஒரு வார்த்தை, அவன் மூன்று வருஷமாகக் காப்பாற்றி வந்ததைப் போட்டு உடைத்துவிட்டது. இதற்கு நட்டும் போல்ட்டும் சாட்சி சொல்லாது.

"ஆசீர்வாதம், நான் பாக்கது நீரு இப்ப வண்டி ஓட்டுததுக்கு லாயக்கா இல்லையாங்கது மட்டுந்தான்" என்றார் மேனேஜர். "லாயக்கு. ஒம்ம கையி சொல்லுது, காலு சொல்லுது, இப்ப மூக்கும் சொல்லுது. மத்தத விசாரிக்கவரு இந்தச் செட்டுல வேல பாக்கல."

"பாவம் எனக்குத்தான். நீங்க வண்டிய எடுங்க" என்றாள் அன்னம்மாள்.

அவன் அவளைப் பார்த்தான். கோபமாக ஏதாவது சொல்வானோ என்று பயந்தேன். "அடுத்த வருஷம் செங்கல்லே போதும்ட்டி" என்றான். சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டான். மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்ட கோட்டுக் கையோடு ஸ்டியரிங்கைப் பிடித்து, ஆறே முக்காலுக்கு வண்டியை எடுத்தான். அன்னம்மாள் பஸ் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நின்றாள். மீதி அப்பத்தைச் செட்டில் இருந்தவர்கள் யாருக்கும் வெட்கமில்லாமல் பங்கு போட்டுத் தின்றோம்.

மறுநாள் காலை ஐந்தே முக்கால். வழக்கம்போல வரிசை. ஆசீர்வாதம் துவைத்த கோட்டோடு வந்து நின்றான். ஜலதோஷம் கொஞ்சம் தேவலையாக இருந்தது. ஊதினான். சுத்தம். சாவியை எடுத்து நீட்டினேன். அவன் கையை நீட்டாமல், மறுபடியும் குனிந்து 'ஹா' என்று ஊதினான்.

"ஒரு தடவ போதும்லா. எதுக்குலே மறுபடி ஊதுத?"

"எனக்கு எப்பவும் ரெண்டுல்லா அண்ணாச்சி" என்றான்.

குத்தலாகச் சொல்லவில்லை. இது எனக்கே தெரியாதா என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டான். நான் பின்னால் நின்ற டிரைவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அதற்கடுத்தவரும் தரையைப் பார்த்தார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மூன்று வருஷமாக, தினமும் காலையில், அத்தனை பேர் முன்னாலும், மற்றவர்களுக்கு ஒரு தடவை, அவனுக்கு மட்டும் 'இன்னொரு தடவ ஊது' என்று சொல்லி வந்திருக்கிறேன். எனக்குத்தான் அது தெரியவே இல்லை.

எனக்கு முகத்தை எங்கே கொண்டு வைப்பதென்று தெரியவில்லை. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வரிசையில் இத்தனை பேர் நிற்கிறார்களே என்று அதை விழுங்கிவிட்டேன்.

"வண்டிக்கு நேரமாகுதுலே. ஏறு" என்றுதான் சொன்னேன்.